ஒயரை வெட்டும் முன்

புது பைக்குக்கு நம்பர் பிளேட் வந்த வாரமே கூடுதல் விளக்கு, பெரிய ஹாரன் என்று கடை தேடுகிறார்கள் நம் இளைஞர்கள். ஆசை நியாயமானதுதான். கவலையெல்லாம் அதை மாட்டும் விதத்தில்.

ஹெட்லைட் ஒயரின் தோலைச் சீவி, புது ஒயரை முறுக்கி, கறுப்பு டேப்பைச் சுற்றிவிடுவார்கள். விளக்கு பளிச்சென்று எரியும். ஒரு மழைக்காலம் போனால் டேப்புக்குள் ஈரம் இறங்கி, செம்புக் கம்பியில் பச்சை பூத்துவிடும். பேட்டரி இறங்கும், ஃபியூஸ் போகும். சர்வீஸ் சென்டரில் வண்டியைப் பிரித்ததும் மெக்கானிக் கண்ணில் படுவது அந்த டேப்தான். ஒயரிங்கில் கைவைத்தால் மின்பாகங்களுக்கு வாரண்டி கிடையாது என்று வாரண்டி புத்தகத்திலேயே பல கம்பெனிகள் அச்சிட்டிருக்கின்றன. அந்தப் பக்கத்தை நாம் புரட்டுவதே இல்லை.

சைலன்சரை மாற்றுவது இன்னும் பெரிய விஷயம். 2020 ஏப்ரலில் கட்டாயமான பிஎஸ் 6 புகை விதிப்படி வந்த வண்டிகளில், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் ஆக்சிஜன் சென்சாரும் புகைக்குழாயோடு இணைந்தவை. அந்தக் குழாயை மாற்றினால் எஞ்சின் வாரண்டிக்கு ஆபத்து. சட்டமும் குறுக்கே வரும். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 182ஏ, அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது.

விளக்கு அவசியமென்றால், ஒயரை வெட்டாமல் கப்ளரில் சொருகும் வகையைக் கம்பெனி ஷோரூமிலேயே கேளுங்கள். ஜாப் கார்டில் எழுதச் சொல்லி, பில்லையும் பத்திரப்படுத்துங்கள்.