“நான் ஆர்?” என்று கேட்கும் பிள்ளை
(புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரை)



நான் தொழிற்சாலை வேலைக்காரன், ஏ.எல். வரைதான் படித்தேன். எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர் 1950இல் எழுதிய நூலில் சொன்ன விடயம் எங்கட வீடுகளுக்கும் பொருந்தும். மனித வாழ்வை அவர் எட்டுப் பருவங்களாகப் பிரித்தார். கைக்குழந்தைக்கு, அழுதால் அம்மா வருவா என்ற நம்பிக்கை வேண்டும். பள்ளிக்கூடச் சிறுவருக்கு “என்னாலும் ஏலும்” என்ற துணிவு வேண்டும். குமர்ப் பருவத்தில் “நான் ஆர்?” என்ற கேள்வி வருகிறது.

எரிக்சனும் ஜேர்மனியில் பிறந்து, நாசிகள் ஆட்சிக்கு வந்த 1933இல் ஐரோப்பாவை விட்டு அமெரிக்கா போனவர். அங்கே குடும்பப் பெயரையும் மாற்றிக்கொண்டார். இந்தக் கேள்வியின் பாரம் அவருக்குத் தெரியும்.

ஸ்காபரோவில் வளரும் எங்கட பிள்ளையளுக்கு அது இரட்டைப் பாரம். வங்கியிலும் டொக்டரிடமும் எங்களுக்காகக் கதைக்கிறதும் அவைதான். வீட்டுக்கு வந்ததும் “வாய் காட்டாதே” என்கிறோம். கேள்வி கேட்பது அடங்காமை இல்லை. அது அந்த வயதின் வேலை.

எங்கட வயதுக்கும் ஒரு வேலை சொல்கிறார்: அடுத்த தலைமுறையை ஆளாக்குவது. ஓவர்டைம் காசு மட்டும் அதைச் செய்யாது. இரவு வேலைக்குப் போக முதல் கொஞ்ச நேரம் பிள்ளையோட இருங்கோ. ஊரையும், ஏன் வந்தோம் என்பதையும் சொல்லுங்கோ. பிள்ளை சொல்வதையும் கேளுங்கோ.

அனைவருக்கும் புத்தாண்டு வாழ்த்துக்கள்.