வாய்க்குள் ஓர் ஊர்

(நூற்றாண்டு நிகழ்வுகளையொட்டிக் கல்லூரி மண்டபத்தில் ஆற்றிய உரை)



இந்தக் கல்லூரியின் ஆய்வுகூடத்தில்தான் நான் முதன்முதலில் பற்றீரியாவைப் பார்த்தேன். பல்லிடுக்கில் சுரண்டியதை வழுக்கியில் தடவிச் சாயமிட்டு, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துக் காட்டினார் எங்கள் உயிரியல் ரீச்சர். 1683இல் ஒல்லாந்தில், லீவன்ஹூக் என்ற புடவை வியாபாரி தம் பல்லழுக்கில் கண்டு எழுதிய அதே உலகம்.

பின்வந்தவர்கள் இக்கிருமிகளைக் கிண்ணத்தில் வளர்த்தே இனங்கண்டார்கள். பெயர் கூப்பிடும்போது குரல் கொடுப்பவர்களை மட்டும் இடாப்பில் பதிவது போன்றது அது. கிண்ணத்தில் வளராதவை கணக்கில் வரவில்லை.

இன்று எச்சிலிலுள்ள டீ.என்.ஏ. முழுவதையும் பிரித்தெடுத்து, சிறு துண்டுகளாக்கி, கோடிக்கணக்கான துண்டுகளை இயந்திரம் ஒரே நேரத்தில் வாசிக்கிறது. பொருந்தும் துண்டுகளைக் கணினி கோத்து, இன்ன கிருமியின் மரபணுத்தொகுதி இது என்று காட்டுகிறது. 1995இல் ஒரேயொரு பற்றீரியாவின் 18 இலட்சம் எழுத்துகளை முழுமையாக வாசித்தது பெருஞ்சாதனை. இப்போது அது ஆய்வுகூடங்களின் அன்றாட வேலை. மனித வாய்களில் எழுநூறுக்கு மேற்பட்ட இனங்கள் வாழ்வதாக அறிந்திருக்கிறோம்.

அவற்றுள் ரி.எம்.7 என்ற கூட்டம் எனக்குப் பிடித்தமானது. முன்பு அதன் டீ.என்.ஏ. மட்டும் கிடைத்தது, உயிருடன் எவரும் வளர்த்திருக்கவில்லை. 2015இல் வெளியான ஆய்வு காரணத்தைச் சொன்னது. அது தனியே வாழாது. வேறொரு பற்றீரியாவின் மேல் ஒட்டியே வாழும். அதனிடம் இருப்பது ஏழு இலட்சம் எழுத்துகள்தான். பிழைக்கத் தேவையான பலவற்றை அது தானே செய்துகொள்ளாது.

இனி, என் தவறொன்றைச் சொல்கிறேன். சிறுவயதில் வாதக்காய்ச்சலால் இதய வால்வு பழுதான ஓர் இளம் தாய், விடாத காய்ச்சலுடன் என் விடுதிக்கு வந்தார். வரமுன்னரே அன்ரிபயோட்டிக் எடுத்திருந்தார். இரத்தப் பரிசோதனையில் 'கிருமி வளரவில்லை' என்றே வந்தது. மூன்று நாட்கள் அவருடைய நெஞ்சைக் கேட்டேன்; வாயைப் பார்க்கவில்லை. நான்காம் நாள் பல் வைத்தியர்தான் சீழ் கட்டிய கடைவாய்ப் பல்லைக் காட்டினார். வாய்க் கிருமிகள் இரத்தத்தில் கலந்து பழுதான வால்வில் குடியேறும் என்பது எனக்குத் தெரியாததல்ல. கிழமைக்கணக்காக ஊசி மருந்து ஏற்றி அவர் பிழைத்தார். அந்த மூன்று நாட்களை நான் மறக்கவில்லை.

வளராத கிருமியையும் அதன் டீ.என்.ஏ.யைக் கொண்டு இனங்காணும் வசதி அன்று என்னிடம் இருக்கவில்லை. ஆனால் என் சட்டைப் பையில் ரோச் லைற் இருந்தது.

தங்கைமாரே, உங்களில் சிலர் அந்த இயந்திரங்களுடன் வேலை செய்வீர்கள். கிருமியின் டீ.என்.ஏ. கிடைத்ததாலேயே அதுதான் நோயைத் தந்தது என்று முடிவு கட்டாதீர்கள். 'வளரவில்லை' என்பதை 'இல்லை' என்றும் வாசிக்காதீர்கள். மற்றவர்கள் முரசில் இரத்தம் கசிந்தால் அலட்சியம் செய்யாதீர்கள். வீட்டில் இதய நோயாளி இருந்தால் பல்லையும் காட்டச் சொல்லுங்கள்.

முதலில் கண்ணால் பார் என்று கற்பித்த எங்கள் ரீச்சருக்கும் இக்கல்லூரித் தாய்க்கும் என் நன்றி.