அறிவிப்புப் பலகை மட்டும் போதுமா?

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உனக்குப் பிடிச்சதைப் பத்திப் பேசுப்பா" என்று சங்கச் செயலாளர் அண்ணன் சொன்னார். எனக்குப் பிடித்தது அறிவியல் புனைகதை. இயந்திரவியலில் நான் வாங்கிய மார்க் முன்வரிசையில் இருக்கும் பேராசிரியருக்கு நன்றாகவே தெரியும் என்பதால், அதைப் பற்றிப் பேசப் போவதில்லை. (சிரிப்பு)

பழையதும் புதியதுமாக மூன்று படைப்புகளை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று பத்திரிகைக் கதை, ஒன்று காமிக்ஸ், ஒன்று ஜப்பானிய அனிமே.

முதலாவது, டாம் காட்வின் எழுதிய 'தி கோல்ட் ஈக்வேஷன்ஸ்'. ஈவு இரக்கமில்லாத சமன்பாடுகள் என்று வைத்துக்கொள்ளலாம். 1954 ஆகஸ்டில் அமெரிக்காவின் 'அஸ்டவுண்டிங் சயின்ஸ் ஃபிக்ஷன்' இதழில் வெளிவந்தது. தூரத்து கிரகம் ஒன்றில் நோயில் கிடக்கும் சில பேருக்கு மருந்து கொண்டுபோகிறது ஒரு சின்ன விண்கலம். விமானி ஒருவர், மருந்து, அதற்குக் கச்சிதமான எரிபொருள், அவ்வளவுதான். அண்ணனைப் பார்க்கும் ஆசையில் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி அதில் ஒளிந்துகொள்கிறாள். பிடிபட்டால் அபராதம் கட்டிவிடலாம் என்பது அவள் நினைப்பு. ஆனால் அவளுடைய எடையையும் சேர்த்துத் தரையிறக்க எரிபொருள் கிடையாது. அவளை வெளியே அனுப்பத்தான் வேண்டும். அனுப்புகிறார்கள். கதை முடிந்தது.

ஹாஸ்டலில் இருந்தபோது நம் நூலகத்துத் தொகுப்பு ஒன்றில் இதைப் படித்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஆனாலும் மறுநாள் மெஸ்ஸில் நண்பர்களிடம், "கணக்குன்னா கணக்குதான்டா, யார் என்ன பண்ண முடியும்?" என்று வாதாடினேன். அந்த மேஜையில் இருந்த இரண்டு பேர் இந்த அரங்கில் இருக்கிறார்கள்.

படிப்பு முடித்து ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் இன்ஜினியராகச் சேர்ந்தேன். அங்கே ஒரு பவர் பிரஸ். அதன் சேஃப்டி கார்டு திறந்திருந்தால் மெஷின் ஓடாது. அதற்கென்று ஒரு லிமிட் ஸ்விட்ச் உண்டு. அது பழுதாகி, கார்டு மூடியிருக்கும்போதே மெஷினை நிறுத்த ஆரம்பித்தது. ஸ்டோரில் ஸ்பேர் இல்லை. மேலிருந்து புரொடக்ஷன் எங்கே என்று போன் மேல் போன். ஒயர் போட்டு பைபாஸ் பண்ணச் சொன்னேன். ஆமாம், நான்தான் சொன்னேன். பிறகு, "கையை உள்ளே விடாதீர்" என்று ஒரு தாளில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன்.

ஒன்பதாவது நாள், என்னைவிடப் பதினைந்து வயது மூத்த ஒரு ஹெல்பருக்கு இரண்டு விரல் போயிற்று.

விபத்து அறிக்கையில் 'காரணம்' என்ற கட்டத்தில் "ஊழியரின் கவனக்குறைவு" என்று டைப் ஆகி வந்தது. கையெழுத்துப் போட்டேன். ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது அவரே சொன்னார்: "என் தப்புதான் சார். நீங்க எழுதித்தானே ஒட்டியிருந்தீங்க?" இன்றுவரை அந்த வார்த்தை என்னை விட்டுப் போகவில்லை.

சில மாதம் கழித்து அந்தக் கதையை மறுபடி எடுத்தேன். முதல் தடவை கண்ணில் படாத ஒன்று இப்போது பட்டது. அந்தப் பெண் விண்கலத்துக்குள் போவதைத் தடுக்க அங்கே இருந்தது என்ன? அனுமதியில்லாதவர் நுழையக் கூடாது என்று ஒரு பலகை. பூட்டு இல்லை, காவல் இல்லை, கிளம்பும் முன் எடை பார்த்தவர் இல்லை. கையிருப்பு எரிபொருள் ஒரு சொட்டு இல்லை. அவளைக் கொன்றது சமன்பாடு இல்லீங்க. அந்த ஏற்பாட்டுக்கு யாரோ ஒருவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவர் கதைக்குள் வரவே இல்லை. உருக்கமான கதைதான், எல்லோரும் படிக்க வேண்டியதுதான். ஆனால் பொறியாளனைத் தப்பிக்க விட்ட கதை.

இரண்டாவது, இ.சி. காமிக்ஸின் 'வியர்ட் ஃபேன்டஸி' இதழில் 1953-இல் வந்த 'ஜட்ஜ்மென்ட் டே'. எழுத்து அல் ஃபெல்ட்ஸ்டீன், ஓவியம் ஜோ ஆர்லாண்டோ. மொத்தமே ஏழெட்டுப் பக்கம். ரோபோக்கள் வாழும் கிரகத்துக்குப் பூமியிலிருந்து ஒரு ஆய்வாளர் வருகிறார். ஆரஞ்சு ரோபோவுக்கு ஒரு வாழ்க்கை, நீல ரோபோவுக்கு ஒரு வாழ்க்கை. உள்ளே இருக்கும் பாகமெல்லாம் ஒன்றுதான், மேல் தகட்டின் நிறம்தான் வேறு. தொழிற்சாலையின் மூலை முடுக்கெல்லாம் பார்த்துவிட்டு, "நீங்கள் இன்னும் தயாராகவில்லை" என்று அறிக்கை தருகிறார். திரும்பும்போது ஹெல்மெட்டைக் கழற்றுகிறார். அவர் ஒரு கறுப்பினத்தவர். 1956-இல் இதை மறுபிரசுரம் செய்யப் போனபோது, அந்த முகத்தை மாற்றச் சொன்னது காமிக்ஸ் தணிக்கை அமைப்பு. பதிப்பாளர் வில்லியம் கெய்ன்ஸ் மறுத்து, மாற்றாமலே வெளியிட்டார். நீல ரோபோவின் மேல் குற்றம் எழுதுவது சுலபம். அந்த ஆய்வாளர் உற்பத்தி வரிசையைப் பார்த்து எழுதினார். என் அறிக்கையும் அப்படி இருந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, 'பிளானட்டீஸ்'. மகோட்டோ யுகிமுரா 1999-இல் தொடங்கிய மங்கா. 2003-04-இல் 26 பகுதிகளாக அனிமே ஆனது. விண்வெளிக் குப்பை பொறுக்குகிறவர்களின் கதை. தொடக்கத்திலேயே ஒரு திருகாணி பயணிகள் கலத்தின் ஜன்னலில் மோதி உயிர்களைக் குடிக்கிறது. மிகையில்லை. தாழ்ந்த சுற்றுப்பாதையில் எந்தப் பொருளும் விநாடிக்கு ஏழெட்டு கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. 2009 பிப்ரவரியில் இரிடியம் 33, காஸ்மோஸ் 2251 என்ற இரண்டு செயற்கைக்கோள்கள் நிஜமாகவே மோதித் தூள் தூளாயின. கதையில் இந்தக் குப்பைப் பிரிவுக்குக் கம்பெனியில் மரியாதை கிடையாது, ஆள் பற்றாக்குறை, பட்ஜெட்டும் குறைவு. மெயின்டனன்ஸில் வேலை பார்க்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. முதல் சில பகுதிகள் ஆபீஸ் நகைச்சுவையாக இழுக்கும். பொறுத்துக்கொண்டு பாருங்கள், பின்னால் பிடித்துக்கொள்ளும்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. விண்கலமும் ரோபோவும் பார்க்கத்தான் இந்தக் கதைகளுக்குப் போனேன். அவை எனக்குக் காட்டியது நான் போட்ட ஒரு கையெழுத்தை. இன்று வேறு நிறுவனத்தில் இருக்கிறேன். பைபாஸ் கேட்டு வரும் தாளில் நான் கையெழுத்துப் போடுவதில்லை. இதற்காக இரண்டு முறை திட்டும் வாங்கியிருக்கிறேன். அதனால் அவருடைய விரல் திரும்பி வரப்போவதில்லை. ஆனாலும் போடுவதில்லை.

நாளைக்கு உங்கள் மேஜைக்கும் அப்படி ஒரு தாள் வரும். அப்போது ஒரு நிமிஷம் அந்தப் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.