ஆசிரியரின் கோபம் எங்கிருந்து வருகிறது?

(அம்பத்தூரில் ஆசிரியர்களிடையே நிகழ்த்திய உரை)



ஆசிரியரின் மனநலம் பற்றிப் பேசுமாறு என்னை அழைத்திருக்கிறீர்கள். முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் வேலை பார்த்தேன். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் தினமும் முதல் பீரியடிலேயே தூங்கி விழுவான். ஒரு நாள் கன்னத்தில் அறைந்துவிட்டேன். அவன் அழவில்லை, என்னையே பார்த்தான். பிறகுதான் விசாரித்தேன். தகப்பனாருக்கு எஸ்டேட்டில் நைட் ஷிப்ட். தாயார் விடியுமுன்பே வீட்டு வேலைக்குப் போய்விடுவார். தண்ணீர் பிடிப்பது, தங்கையைக் குளிப்பாட்டிக் கிளப்புவது எல்லாம் அவன் பொறுப்பு.

எனக்கு ஏன் அத்தனை ஆத்திரம்? முந்தின இரவு ஒரு மணி வரை படிவங்கள் நிரப்பினேன். காலையில், அதில் ஒரு கூட்டல் தப்பென்று எல்லார் எதிரிலும் வசவு வாங்கினேன். மேலிருந்து வந்ததைக் கீழே இறக்கினேன். அவ்வளவுதான்.

தன் உணர்ச்சியைத் தானே அறிவது, பிறர் உணர்ச்சியைப் புரிந்துகொள்வது—இதை "உணர்ச்சி அறிவு" என்கிறார்கள். 1990ல் சலோவே, மேயர் என்ற அமெரிக்க உளவியலறிஞர்கள் விளக்கினார்கள். 1995ல் கோல்மன் எழுதிய புத்தகம் அதை ஊரெங்கும் பரப்பியது. நான் இதைக் கேலி செய்ய மாட்டேன். அன்று எனக்கு அது இருந்திருந்தால் கை ஓங்கியிருக்காது.

ஆனால், வேலைச் சுமையில் ஒரு குந்துமணி கூடக் குறைக்காமல், "மூச்சை இழுத்து விடுங்கள், புன்னகை செய்யுங்கள்" என்று பயிற்சி முகாம் நடத்துவது என்ன நியாயம்? அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே உலைமூடியை அழுத்திப் பிடி என்பதல்லவா இது! உலக சுகாதார ஸ்தாபனமே 2019ல், இந்தச் சோர்வை நோய் என்று சொல்லவில்லை. சமாளிக்கப்படாத வேலை நெருக்கடியால் வருவது என்றுதான் வகைப்படுத்தியது. அசதி, வேலையில் வெறுப்பு, நம்மால் ஒன்றும் ஆகாது என்ற எண்ணம்: இவையே அதன் அடையாளங்கள். இங்கே உட்கார்ந்திருக்கும் எத்தனை பேருக்கு இவை புதிது?

ஆவடி, அம்பத்தூர் வட்டாரத்துக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் தொழிலாளிகள் வருகிறார்கள். அவர்கள் குழந்தை வகுப்பில் தேம்பித் தேம்பி அழுகிறது. பசியா, காய்ச்சலா, பயமா? டீச்சருக்கு அந்தப் பாஷை தெரியாது. அருகில் உட்கார்ந்து, ஜாடையாவது காட்டிக் கேட்க வேண்டும். அந்த நேரத்தில்தான் "எமிஸ்" பதிவு எங்கே என்று செல்போன் அலறுகிறது!

2009ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம், மக்கள் தொகைக் கணக்கு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு வெளி வேலை ஆசிரியருக்குக் கூடாது என்கிறது. வாக்காளர் பட்டியல் வேலையை விடுமுறை நாளிலும் பாடமில்லாத நாளிலும்தான் கொடுக்க வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட் 2007லேயே சொல்லிவிட்டது. ஆனாலும் 2025 நவம்பரில் ஆசிரியர்கள் வீடு வீடாகப் படிவம் சுமந்தார்கள்.

சம்பளத்தைப் பாருங்கள். 2009 ஜூன் 1க்கு முன் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் 8,370 ரூபாய். பின் சேர்ந்தவருக்கு 5,200 என்று நிர்ணயித்தார்கள். பக்கத்துப் பக்கத்து வகுப்பு, ஒரே பாடம்! 2012ல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு அமர்த்தினார்கள். நாளை வேலை உண்டா என்று தெரியாதவர், குழந்தைக்கு என்ன தைரியம் சொல்வார்?

பெண் ஆசிரியர்களைப் பற்றித் தனியாகவே ஒரு நாள் பேச வேண்டும். பூந்தமல்லியில் பஸ் ஏறுமுன் ஒரு நாள் வேலையை முடித்துவிட்டல்லவா வருகிறார்கள்!

ஒரு யோசனை சொல்கிறேன். அடுத்த வாரம் முழுக்க, பாடத்துக்கு எத்தனை மணி நேரம், படிவத்துக்கு எத்தனை மணி நேரம் என்று ஒவ்வொருவரும் நோட்டில் குறித்து வாருங்கள். குழந்தைகள் மீது எரிந்து விழுந்த நாளையும் ஒளிக்காமல் எழுதுங்கள். பெயர் போட வேண்டாம். எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி, பள்ளிக்கு ஒரு குமாஸ்தா கேட்டு அதிகாரியிடம் போவோம். முதல் நோட்டு என்னுடையது. அந்த அறையிலிருந்து தொடங்குகிறேன்.