அந்த ஊர்க் கதை, நம் வீட்டுக் கேள்வி



கதை என்றால் எல்லோருக்கும் ஆசை. திண்ணையில் உட்கார்ந்து பாட்டி சொன்ன கதை யாருக்குத்தான் மறக்கும்? ஆனால் பாட்டி தூங்கிப் போனால் கதையும் நின்றுவிடும். எழுத்தில் உள்ள கதை அப்படி அல்ல. எப்போது புத்தகத்தைத் திறந்தாலும் அது நமக்காகக் காத்திருக்கும். புரியாத இடத்தில் நிறுத்தலாம். திரும்பவும் படிக்கலாம். "இது சரியா?" என்று கேட்டுப் பார்க்கலாம்.

இதன் அருமை ஒரு பாட்டிக்குத்தான் நன்றாகத் தெரியும்.

பாட்டி படித்த கதை

சுதா மூர்த்தி பெங்களூரில் வாழும் எழுத்தாளர். தம் பாட்டியைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். அப்போது அவர் சிறுமி. வட கர்நாடகத்தில் ஒரு கிராமத்தில் தாத்தா பாட்டியுடன் இருந்தார். 'கர்மவீரா' என்ற கன்னட வார இதழில் திரிவேணி எழுதிய 'காசி யாத்திரை' தொடர்கதை வந்துகொண்டிருந்தது. காசிக்குப் போக ஆசைப்படும் ஒரு முதிய பெண்ணின் கதை அது. வாரா வாரம் பேத்தி படிப்பாள். பாட்டி கேட்பார்.

ஒரு முறை பேத்தி கல்யாணத்துக்காக வெளியூர் போனாள். திரும்பி வர ஒரு வாரம் ஆகிவிட்டது. அதற்குள் இதழ் வந்துவிட்டது. பாட்டி அதைப் புரட்டினார். படம் தெரிந்தது. எழுத்து தெரியவில்லை. கையில் கதை இருந்தும் படிக்க முடியவில்லை. பாட்டி அழுதுவிட்டார்.

அப்போது அவருக்கு வயது 62. "சரஸ்வதி பூசைக்குள் படித்துவிடுவேன்" என்று உறுதி எடுத்தார். எடுத்தபடி முடித்தார். பூசை நாளில் பேத்தி 'காசி யாத்திரை' புத்தகத்தைப் பரிசாகக் கொடுத்தாள். பாட்டி என்ன செய்தார் தெரியுமா? குனிந்து பேத்தியின் காலைத் தொட்டார். பேத்தியின் காலை அல்ல, ஆசிரியரின் காலைத் தொட்டதாகச் சொன்னார்.

சரி, படிக்கத் தெரிந்துவிட்டது. இனி என்ன? உலகத்துக் கதைகள் எல்லாம் நமக்கும் சொந்தம்தான்.

எவ்வளவு நிலம் வேண்டும்?

ரஷ்ய நாட்டில் டால்ஸ்டாய் என்ற பெரிய எழுத்தாளர் இருந்தார். 1886-ல் அவர் எழுதிய கதை இது. பாகோம் ஒரு குடியானவன். அவனுக்கு நிலத்தின் மேல் தீராத ஆசை. தூரத்தில் ஓரிடத்தில் நிலம் மலிவு என்று கேள்விப்பட்டுப் போனான். அங்குள்ளவர்கள் சொன்ன விலை விசித்திரமானது. "ஒரு நாளுக்கு 1,000 ரூபிள். பகல் முழுக்க நட. சுற்றி வந்த நிலம் எல்லாம் உனக்கு. ஆனால் சூரியன் மறையும் முன் புறப்பட்ட இடத்துக்கு வந்துவிட வேண்டும். இல்லையேல் பணம் போச்சு."

பாகோம் நடந்தான். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று வெகுதூரம் போய்விட்டான். பொழுது சாயும்போது ஓடினான். வந்து சேர்ந்தான். சேர்ந்த இடத்திலேயே விழுந்து இறந்தான். அவனைப் புதைக்கத் தேவைப்பட்டது ஆறடி நிலம்தான்.

இது ரஷ்யக் கதை. ஆனால் பெங்களூரில் முப்பதுக்கு நாற்பது சைட் ஒன்று வாங்க அலைகிறவருக்கு இது புரியாதா? குடியிருக்க ஒரு வீடு தேவை. அது ஆசை அல்ல. தேவை எங்கே முடிகிறது, ஆசை எங்கே தொடங்குகிறது? கதை இதைத்தான் கேட்கிறது.

கதையில் நடப்பது சம்பவம். அந்தச் சம்பவம் நம்மிடம் கேட்கும் கேள்விதான் கதையின் கரு. சம்பவம் ஊருக்கு ஊர் மாறும். கரு எல்லா ஊருக்கும் பொது.

இரவல் நகை

பிரான்சு நாட்டில் மாப்பசான் 1884-ல் ஒரு கதை எழுதினார். மத்தில்து ஒரு குமாஸ்தாவின் மனைவி. பெரிய விருந்து ஒன்றுக்கு அழைப்பு வந்தது. வெறும் கழுத்தோடு போவதா? பணக்காரத் தோழியிடம் வைர மாலையை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டாள். விருந்து முடிந்து வரும்போது மாலை தொலைந்துவிட்டது.

அதே போல ஒரு மாலையின் விலை 36,000 பிராங்க். கணவனிடம் தந்தை வைத்துப் போன பணம் பாதி இருந்தது. மீதிக்குக் கடன் வாங்கினார்கள். புது மாலையைத் தோழியிடம் கொடுத்துவிட்டார்கள். உண்மையைச் சொல்லவில்லை. கடனை அடைக்கப் பத்து ஆண்டுகள் ஆயின. மத்தில்து வேலைக்காரியை நிறுத்தினாள். பாத்திரம் தேய்த்தாள். தண்ணீர் சுமந்தாள். அவள் அழகும் இளமையும் போயின.

பிறகு ஒரு நாள் தோழியைப் பார்த்து நடந்ததைச் சொன்னாள். தோழி பதறிப்போனாள். அவள் கொடுத்த மாலை போலி. அதிகம் போனால் 500 பிராங்க் பெறும்.

முதல் நாளே உண்மையைச் சொல்லியிருந்தால்? நம் வீட்டுக் கல்யாணங்களிலும் இரவல் நகை உண்டு. ஊர் என்ன சொல்லும் என்ற பயம் உண்டு. வட்டிக் கடனும் உண்டு. அந்தப் பயத்துக்கு எத்தனை ஆண்டு விலை கொடுக்கிறோம்?

கேட்கப்படாத பெண்

இனி நம் மண்ணுக்கு வருவோம். மாஸ்தி வெங்கடேச அய்யங்கார் 1891-ல் கோலார் மாவட்டத்தில் பிறந்தார். வீட்டுமொழி தமிழ். எழுதியது கன்னடத்தில். கன்னடச் சிறுகதையின் தந்தை என்று அவரைச் சொல்கிறார்கள். பெங்களூர் கவிபுரத்தில் வாழ்ந்தார். 1983-ம் ஆண்டுக்கான ஞானபீடப் பரிசு அவருக்குக் கிடைத்தது. 1986-ல் காலமானார்.

அவருடைய 'ரங்கனின் திருமணம்' வேடிக்கையான கதை. ரங்கன் பெங்களூரில் படித்துவிட்டு ஊருக்கு வருகிறான். பையன் மாறிவிட்டானா என்று பார்க்க ஊரே கூடுகிறது. பூணூல் இருக்கிறதா என்று ஒரு கிழவி தடவிப் பார்க்கிறாள்! இப்போதைக்குக் கல்யாணம் வேண்டாம் என்கிறான் ரங்கன். ஊர்ப் பெரியவர் ஒருவர் தந்திரம் செய்கிறார். ரத்னா என்ற பெண் பாடுவதை அவன் கேட்கும்படி செய்கிறார். சோதிடரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று முன்பே சொல்லிக் கொடுக்கிறார். சோதிடரும் அப்படியே சொல்கிறார். கல்யாணம் நடக்கிறது.

படிக்கும்போது சிரிப்பு வரும். ரத்னாவுக்கு வயது என்ன தெரியுமா? பதினொன்று. அந்தக் காலத்தில் அது வழக்கம். இன்று சட்டப்படி பெண்ணுக்கு 18 ஆக வேண்டும். ரங்கனின் மனத்தை எல்லோரும் கேட்டார்கள். ரத்னாவை யாராவது கேட்டார்களா? கதையில் யார் பேசுகிறார்கள் என்று பார்ப்பது போல, யார் பேசவில்லை என்றும் பார்க்க வேண்டும்.

பேசாத பெண் பேசினால்

அப்படிப் பேசாமல் இருந்த பெண்களைப் பேசவைத்தவர் பானு முஷ்தாக். ஹாசன் நகரைச் சேர்ந்தவர். வழக்கறிஞர். கன்னடத்தில் அவர் எழுதிய 12 கதைகளைத் தீபா பாஸ்தி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 'ஹார்ட் லாம்ப்' என்பது அந்த நூலின் பெயர். இதய விளக்கு என்று பொருள். 2025 மே மாதம் லண்டனில் அதற்குச் சர்வதேச புக்கர் பரிசு கிடைத்தது. பரிசுத் தொகை 50,000 பவுண்டு. எழுதியவருக்கும் மொழிபெயர்த்தவருக்கும் சரிபாதி. ஒரு சிறுகதைத் தொகுப்பு இந்தப் பரிசைப் பெற்றது அதுவே முதல் முறை.

நூலின் பெயரைக் கொண்ட கதையில் மெஹ்ருன் என்ற தாய் வருகிறாள். கணவன் வேறொரு பெண்ணை நாடிப் போய்விட்டான். பிறந்த வீட்டுக்கு வந்து முறையிடுகிறாள். அண்ணன் தம்பிகள் குடும்ப மானம் என்று சொல்லித் திரும்பக் கொண்டுபோய் விடுகிறார்கள். வாழ்வே வேண்டாம் என்று அவள் நினைக்கும் நேரத்தில் மூத்த மகள் சல்மா ஓடிவந்து தடுக்கிறாள். தாயின் துயரம் பெரியவர்கள் காதில் ஏறவில்லை. ஒரு சிறுமிக்குத் தெரிந்துவிட்டது.

இது ஹாசனில் மட்டும் நடக்கிற கதையா? நம் தெருவில் இல்லையா? பக்கத்து வீட்டுப் பெண் தாய்வீட்டுக்கு வந்து நின்றால் நாம் என்ன சொல்லி அனுப்புகிறோம்?

அன்பர்களே, இனி ஒரு கதை படித்தால் முடிந்ததும் புத்தகத்தை உடனே மூடிவிடாதீர்கள். மூன்று கேள்விகள் கேளுங்கள். இதில் யாருக்கு நட்டம்? யார் வாய் திறக்கவில்லை? இது நம் வீட்டில் நடந்தால் நாம் என்ன செய்வோம்? வீட்டில் உள்ளவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். மாமியாரும் மருமகளும் சேர்ந்து பேசட்டும். கருத்து மாறுபட்டால் நல்லதுதான். கதை கேள்வியைத்தான் கொடுக்கும். பதிலை நாம்தான் தேட வேண்டும்.