வரி கட்டுகிறவர் யார்?



நினைவுச் சொற்பொழிவு என்றால் கவிதை, தன்வரலாறு, நாவல் என்று பேசுவதுதான் வழக்கம். இந்த ஆண்டு வரியைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும் சிலர் முகம் சுளித்தார்கள். யாரை நினைத்து இங்கே கூடியிருக்கிறோமோ அந்தத் தோழர் சுளித்திருக்க மாட்டார். பட்ஜெட்டுக்கு மறுநாள் செய்தித்தாளில் சிவப்பு மையால் கோடு போட்டு எடுத்துக்கொண்டு வருகிறவர் அவர்.

“எங்க வரிப்பணத்துலதானே நீ படிக்கிற?” விடுதியில் தங்கிப் படிக்கும் நம் பிள்ளைகளில் இதைக் கேட்காதவர்கள் குறைவு. முதுகலை படித்த காலத்தில் நாங்களும் கேட்டிருக்கிறோம், பதில் தெரியாமல் நின்றிருக்கிறோம். வெறும் வசை என்றுதான் அப்போது நினைத்தோம். அதற்குப் பின்னால் ஒரு பொருளாதாரக் கோட்பாடு இருப்பது பிறகுதான் தெரிந்தது.

சுதந்திரச் சந்தைக் கோட்பாடு அது. உழைத்துச் சம்பாதித்தவர் கையிலேயே பணம் இருக்கட்டும். அரசு எடுத்துச் செலவிட்டால் வீணாகும், நடுவில் இருப்பவர்கள் தின்பார்கள். வரியைக் குறைத்தால் முதலீடு பெருகும், வேலை பெருகும், கடைசி மனிதருக்கும் பங்கு வரும். இதை உலகெங்கும் கொண்டுசென்றவர்களில் முதன்மையானவர் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மில்டன் ஃபிரீட்மன். 1955இல் இந்தியாவுக்கே வந்து அரசுக்கு ஆலோசனைக் குறிப்பு எழுதிக் கொடுத்தவர். நம்மிலும் சந்திரபான் பிரசாத் போன்றவர்கள், சாதியை உடைக்கும் வல்லமை சந்தைக்கு உண்டு என்று நீண்டகாலமாக வாதிட்டு வருகிறார்கள். 2005இல் தலித் தொழில் முனைவோருக்கென்று ஒரு வர்த்தக சபையே அமைந்தது. அன்று நாங்கள் எள்ளி நகைத்தோம். இன்று அப்படி நகைக்க மாட்டோம்.

ஏனென்றால் அரசு செலவிடும் விதத்தைப் பற்றி அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. மக்கள்தொகையில் நம் பங்கு எவ்வளவோ அவ்வளவு பங்கு திட்ட நிதி நமக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்பதற்காக 1979-80 வாக்கில் சிறப்பு உட்கூறுத் திட்டம் வந்தது. தமிழ்நாட்டில் நாம் 2011 கணக்கெடுப்பின்படி 20 விழுக்காடு. பணம் எங்கே போனது? 2010இல் தில்லி காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிக்கு இந்தத் திட்டத்தின் நிதி 600 கோடி ரூபாய்க்கும் மேல் திருப்பி விடப்பட்டதை நாடாளுமன்றத்திலேயே ஒப்புக்கொண்டார்கள். ஊர்ப் பொதுச் சாலையும் நம் கணக்கில், பாலமும் நம் கணக்கில். சேரிக்குள் மட்டும் சாக்கடை ஓடுகிறது. ‘அரசு கையில் கொடுத்த பணம் போய்ச் சேராது’ என்று சந்தைக்காரர் சொல்லும்போது மறுப்பதற்கு நம்மிடம் சான்று குறைவு.

ஆனால் வரியைக் கட்டுவது யார் என்ற கேள்வியில்தான் அவர்கள் சறுக்குகிறார்கள்.

பாபாசாகேப் அம்பேத்கர் பொது நிதியைப் படித்து முனைவர் பட்டம் பெற்றவர். 1927இல் பம்பாய் சட்டமன்றத்தில் அவர் பட்ஜெட் மீது பேசியதை மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும். வருமான வரி கட்டுகிறவருக்கு ஒரு வரம்புவரை விலக்கு உண்டு. ஒரு ஏக்கர் வைத்திருக்கும் விவசாயிக்கோ மழை பொய்த்தாலும் நிலவரியிலிருந்து விலக்கில்லை என்று காட்டினார். தலைக்கு இவ்வளவு என்று கல்விக்குச் செலவிடுவதைவிட, அதே தலையிலிருந்து மது ஆயத்தீர்வையாகக் கறப்பது அதிகம் என்று கணக்கு வைத்தார். எடுக்கிற அளவாவது திருப்பிக் கொடு என்று கேட்டார்.

நூறாண்டு ஆகப்போகிறது. 2023-24இல் தமிழ்நாட்டு மதுக்கடைகள் வழியாக அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். அந்தக் கடை வரிசையில் நிற்பது யார் என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. செல்போன் ரீசார்ஜுக்குச் சித்தாள் வேலைக்குப் போகும் அக்காவும் 18 விழுக்காடு வரி கட்டுகிறார், ஆலை முதலாளியும் 18 விழுக்காடு கட்டுகிறார். 2019 செப்டம்பரில் நிறுவன வரி 30இலிருந்து 22 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. ஆண்டுக்கு 1,45,000 கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று ஒன்றிய அரசே அறிவித்தது. அந்த முதலாளிகளைப் பார்த்து ‘எங்க வரிப்பணத்துலதானே’ என்று எந்த வகுப்பறையிலும் யாரும் கேட்கவில்லை. இத்தனைக்கும், குறைந்த வருமானம் உள்ளவருக்கு அரசே பணம் தரும் எதிர்மறை வருமான வரியை முன்மொழிந்தவர் ஃபிரீட்மன். இங்கே அவர் பெயரைச் சொல்கிறவர்கள் அந்தப் பக்கத்தை மட்டும் புரட்டுவதே இல்லை.

கோதுமையை வாங்குகிறவருக்கு அதை விளைவித்தவர் கறுப்பரா வெள்ளையரா என்று தெரியாது, ஆகவே சந்தைக்கு நிறம் தெரியாது என்பதும் அவர் வாதம். நகரத்துப் பெரிய கடையில் அது ஓரளவு உண்மை. ஊரில்? 2018இல் அவினாசி அருகே ஓர் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க நம் பெண் ஒருவர் வந்ததும், அவர் கையால் சமைக்கக் கூடாது என்று ஊரார் திரண்டார்கள். விலையே இல்லாத சோற்றிலும் சமைத்தவர் யார் என்று பார்க்கிற ஊரில், நாம் இட்லிக் கடை போட்டால் யார் வந்து சாப்பிடுவார்கள்?

கல்விக்கு அவர் சொன்ன வழி, அரசு பள்ளி நடத்துவதற்குப் பதிலாகப் பெற்றோர் கையில் கட்டணச் சீட்டைக் கொடுப்பது. பிள்ளை எங்கே சேர்கிறதோ அங்கே பணம் போகும். யோசித்துப் பார்த்தால், நம் பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை கிட்டத்தட்ட அதுதான். 1944இலிருந்து இருக்கிறது. தனியார் கல்லூரிகள் பெருகியபோது நம் பிள்ளைகள் பொறியியல் படித்தது இதனால்தான். ஒன்றிய அரசு தன் பங்கைச் சுருக்கி மாநிலங்கள் தலையில் கட்டிய ஆண்டுகளில் பணம் தாமதமானது. பங்கை 60க்கு 40 என்று மாற்றி முடிவெடுத்தது 2020 டிசம்பரில்தான்.

இடைப்பட்ட காலத்தில் படித்த தங்கை ஒருவர் எங்களிடம் வந்தார். நான்காண்டு படிப்பை முடித்துவிட்டார். உதவித்தொகை வரவில்லை என்று கல்லூரி அவருடைய சான்றிதழைக் கொடுக்கவில்லை. வேலைக்கு அழைப்பு வந்த நிறுவனம் இரண்டு வாரம் காத்திருந்தது, பிறகு வேறு ஆளை எடுத்துக்கொண்டது. அலுவலகத்துக்கும் கல்லூரிக்கும் அவருடன் நாங்கள் அலைந்தோம். “உங்க பணம் அரசாங்கத்துக்கிட்ட இருக்கு, அங்க போய்க் கேளுங்க” என்றது கல்லூரி. “அனுப்பியாச்சு” என்றது அலுவலகம். அவருடைய அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். கடைசியில் கந்துவட்டிக்கு வாங்கிக் கட்டணத்தைக் கட்டித்தான் சான்றிதழை மீட்டார். சந்தையும் அரசும் சேர்ந்து தோற்ற இடத்தில் அந்த அம்மாதான் வட்டி கட்டினார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். திறமைக்கே பரிசு என்கிறவர்கள், பிறப்பால் வரும் சொத்தைப் பற்றி ஏன் வாய் திறப்பதில்லை? 1953இல் வந்த வாரிசுச் சொத்து வரி 1985இல் போனது. செல்வ வரியும் 2015இல் போனது. 1892இல் நமக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் யார் பெயர்களில் பட்டாவாக இருக்கின்றன? அவர்கள் பிள்ளைகள் அதை விற்று முதலீடு போட்டுச் சந்தைக்கு வருகிறார்கள். நம் பிள்ளை சான்றிதழுக்கு வட்டி கட்டிவிட்டு வருகிறது.

தமிழ்நாட்டில் நம் துணைத் திட்ட நிதிக்கு 2024இல் சட்டம் வந்திருக்கிறது. ஆந்திரமும் கர்நாடகமும் 2013லேயே இயற்றின. சட்டம் வந்துவிட்டது என்று கைதட்டிவிட்டுப் போனால் பழைய கதைதான். பட்ஜெட் தாளில் ஒவ்வொரு தலைப்புக்கும் மூன்று எண்கள் இருக்கும்: மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, கணக்கு. முதல் எண்ணைத்தான் மேடையில் வாசிப்பார்கள். மூன்றாவது எண் இரண்டு ஆண்டு கழித்து, யாரும் பார்க்காத நேரத்தில் வரும். மாணவர்கள் அதைப் படிக்கப் பழக வேண்டும். ஆதிதிராவிடர் நலத்துறைக்கான மானியக் கோரிக்கையின் நகல்களை வாசலில் உள்ள மேசையில் வைத்திருக்கிறோம். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பென்சிலும் வைத்திருக்கிறோம்.