கஞ்சி வார்த்த கை



கொடை என்றவுடன் நமது உள்ளம் பெருந்தொகைகளையே நாடுகின்றது. திருப்பணிக்கு வாரி வழங்கியவரின் பெயர் கல்லிலே பொறிக்கப்படும். எருசலேம் ஆலயத்தில் இரண்டு காசு போட்ட ஏழைக் கைம்பெண்ணின் பெயரோ நற்செய்தி நூலில் இல்லை. ஆயினும் எல்லாரிலும் மிகுதியாகப் போட்டவள் அவளே என்றார் இயேசுபிரான். கொடுத்ததை அவர் எண்ணவில்லை. கொடுத்தபின் கையில் எஞ்சியதையே எண்ணினார்.

இக்கணக்குக்கு நமது மண்ணிலும் சான்று உண்டு. 1687ஆம் ஆண்டு. யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் ஆட்சி. கத்தோலிக்கக் குருமார் கால்வைக்கலாகாது என்பது அவர்தம் கட்டளை. அந்நாளில் கோவாவைச் சேர்ந்த யோசேவ் வாஸ் அடிகளார், கூலியாள் கோலத்தில், ஜோன் என்னும் ஊழியனுடன் இங்கு வந்து சேர்ந்தார். வந்ததும் வயிற்றுளைவு நோய் இருவரையும் வீழ்த்தியது. அறிமுகமற்ற அந்த நோயாளிகளுக்கு ஒரு பெண் கஞ்சி வார்த்து உயிர் காத்தாள் என்று அடிகளாரின் வரலாறு கூறுகின்றது. அவள் பெயரும் நமக்குக் கிட்டவில்லை. தன் வீட்டுப் பானையில் எவ்வளவு மீதி வைத்தாளோ, யார் அறிவார்!

சில்லாலையை இருப்பிடமாகக் கொண்டு அடிகளார் இரவிலே பணிபுரிந்தார். அவரை ஏற்றவர்கள் அதற்கு விலை கொடுத்தார்கள். 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் வழிபாட்டுக்குக் கூடியோரை ஒல்லாந்தர் சிறைப்பிடித்தனர். சிலர் கசையடி பட்டனர். ஒருவர் உயிரும் துறந்தார். பின்னர் கண்டி இராச்சியத்துக்குச் சென்ற அடிகளார், ஒற்றர் என்ற ஐயத்தால் சிறையிருந்தார். 1697இல் அங்கே பெரியம்மை பரவியது. உற்றாரே நோயாளரைக் கைவிட்டு ஓடிய வேளையில், அவர் தம் மருமகனாரான குருவுடன் தங்கி, புண்ணைக் கழுவினார், உணவூட்டினார், இறந்தோரை அடக்கஞ் செய்தார். யாழ்ப்பாணத்தில் தாம் உண்ட கஞ்சி அவர் நினைவுக்கு வந்திருக்குமோ என்று நான் எண்ணுவதுண்டு. 1711இல் கண்டியில் மறைந்த அவரை, 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் புனிதராக அறிவித்தார்.

இவையெல்லாம் பழங்கதை எனச் சிலர் கூறுவர். நான் வாழும் பளை தென்னைக்குப் பேர்போனது. போர்க்காலத்தில் செல்வீச்சினால் முடியிழந்து நின்ற மரங்களை இவ்வழியே பயணஞ் செய்த நேயர்கள் கண்டிருப்பீர்கள். மீளக்குடியேறிய மூதாட்டி ஒருவர் அக்காணியில் மறுபடியும் கன்று நட்டார். ஆண்டுகள் பல கழிந்து முதற்குலை முற்றியதும், காய் முழுவதையும் சாக்கிலே கட்டிக் கோயிலுக்குச் சுமந்து வந்தார்.

“ஆச்சி, கறிக்கு இரண்டை வைத்துக்கொள்ளலாமே?” என்றேன்.

“அப்ப நான் என்னத்தைக் குடுத்ததாகும், அதிபர் ஐயா?” என்றார்.

மறுமொழி சொல்ல எனக்கு நா எழவில்லை. அன்றிரவு எனது வரவு செலவுப் புத்தகத்தைப் புரட்டினேன். அம்மாதம் கோயிலுக்கு எனக் குறித்திருந்த தொகை, பத்திரிகைக்குக் கொடுத்த தொகையிலும் குறைவாக இருந்தது.